பாமசிக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். பேராதனையில் பி.பாம். முடித்துவிட்டு இப்போது கண்டியில் ஒரு தனியார் பாமசியில் வேலை செய்கிறேன். மருந்து ஆய்வுத் துறைக்குப் போக வேண்டும் என்று ஆசை. தமிழ்நாட்டில் பாம்.டி. செய்தால் பெயருக்கு முன்னால் டொக்டர் போடலாம் என்கிறார் ஒரு ஏஜன்ட். கூடப் படித்தவர்கள் பிஎச்.டி.தான் சரி என்கிறார்கள். ஆறு மாத கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளோமாவுக்கும் விளம்பரம் பார்த்தேன். அடுத்த வருடம் அப்பாவுக்கு ஓய்வு. வரப்போகும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசைத் தருகிறேன் என்கிறார். எதில் சேரலாம்?

அன்புடன்,
க.

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஈ.பி.எப். காசை எதிலும் போடாதீர்கள். நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கு அந்தக் காசு தேவைப்படாது.

பாம்.டி.யை இந்தியா 2008இல் கொண்டுவந்தது. பிளஸ் டூ முடித்தவருக்கு ஆறு வருடம், பி.பாம். முடித்தவருக்கு மூன்று வருடம். வார்டில் வைத்தியரோடு நின்று, இந்த நோயாளிக்கு இந்த மருந்தும் இந்த அளவும் சரியா என்று பார்க்கப் பழக்கும் படிப்பு அது. நல்ல படிப்புதான். ஆனால் ஆய்வாளரை உருவாக்குவது அதன் முதல் வேலை இல்லை. பாம்.டி.தான் வேண்டும் என்றால், உங்கள் பேராதனைப் பட்டத்தை அந்தக் கல்லூரி ஏற்குமா, முடித்து வந்தால் இங்கே எந்தப் பதவிக்கு அது தகைமையாகும் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜன்டின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

டிப்ளோமா விஷயம் சுருக்கமானது. அந்த மாதிரிப் படிப்புகளின் நடுநாயகம் ஜி.சி.பி., அதாவது மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும்போது உலகம் முழுக்கப் பின்பற்றும் நடைமுறை. அதன் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் வந்தது. தி குளோபல் ஹெல்த் நெட்வொர்க் என்ற தளத்தில் இதை இலவசமாகப் படித்துச் சான்றிதழும் எடுக்கலாம். இந்த மாதமே செய்துவிடுங்கள்.

இனி ஆய்வு வேலைக்கு வருவோம். ஒரு மருந்தாளருக்கு அங்கே என்ன வேலை? ஆய்வு மருந்து வந்த நாளிலிருந்து ஒவ்வொரு போத்தலுக்கும் கணக்கு வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 பாகைக்குள் நிற்கிறதா என்று தினமும் குறிக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து போகிறது என்பது வைத்தியருக்கும் தெரியாமல் காக்க வேண்டும். நோயாளி திருப்பிக் கொண்டுவரும் மாத்திரைகளை எண்ண வேண்டும்.

இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தெரியும். நான் அரச வைத்தியசாலை மருந்துக் கவுண்டரில் நின்ற காலத்தில் ஒரு அம்மா மாதா மாதம் வெற்று மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டுவார். ஒன்றுகூட மிச்சம் இருக்காது. பிரஷர் மட்டும் இறங்கவே இல்லை. வைத்தியர் மருந்தைக் கூட்டினார். அப்புறம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தபோது அந்த அம்மா சொன்னார், அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற அக்காவுக்கும் பிரஷராம். கிளினிக்குக்காகக் கீழே இறங்கினால் அந்த அக்காவுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். அதனால் இரண்டு பேரும் பாதிப் பாதி. ஓர் ஆய்வில் இது நடந்திருந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், முடிவு பொய்யாக இருக்கும். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வெற்று அட்டையைப் பார்த்ததும் சந்தேகம் வரும். அதை எந்த டிப்ளோமாவும் சொல்லித் தராது.

சம்மதம் வாங்குவதும் அப்படித்தான். வாசிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்பது விதி. தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயாவோ, வெளியே தோட்டத்தை நடத்தும் துரையோ ஒன்று கேட்டால் நம் சனம் ‘சரிங்க’ என்றுதான் சொல்லும். அந்தச் சாட்சி தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தால் விதி நிறைவேறியிருக்கும், சம்மதம் கிடைத்திருக்காது. மாட்டேன் என்று சொன்னாலும் வழக்கமான மருந்து நிற்காது என்பதை அவர்கள் நம்பும்படி யார் சொல்வது? நீங்கள் சொன்னால் நம்புவார்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வர வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பிஎச்.டி. கட்டாயம் செய்யுங்கள், ஆனால் உங்களுக்கென்று ஒரு கேள்வி கிடைத்த பிறகு. ஓர் உதாரணம். மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கி நம் நாட்டில் 700 பேரிடம் சோதித்தார்கள். ட்ரையம்ஃப் என்று பெயர், 2018இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் அந்த மாத்திரை எடுத்தவர்களில் 70 வீதத்தினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதத்தினருக்கும் பிரஷர் இலக்குக்கு வந்தது. பெருமைப்பட வேண்டிய வேலை. நடந்தது நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகளில். கிளினிக் நாளில் பேர் இழக்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் அதே பலன் வருமா? மருந்தைப் பங்கு போடும் வீட்டில் என்ன ஆகும்? இதில் ஒரு பிஎச்.டி. அல்ல, இரண்டு இருக்கிறது.

அந்த இடத்துக்குப் போகும் வழி, ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்வது. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் திட்டத்துக்கு நிதி இருந்தால் அதிலேயே எம்.பில்., பிஎச்.டி.க்குப் பதிந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006 முதல் மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடு ஒன்று இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்த ஆய்வு எங்கே நடக்கிறது, பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அதில் உண்டு. கண்டி, பேராதனை, பதுளை என்று தேடி, பிரஷர், சீனி வியாதி, சிறுநீரகம் போன்ற ஆய்வு செய்கிறவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றையாவது முழுக்க வாசித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். ‘வேலை இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காமல், அந்தக் கட்டுரையில் உங்களுக்கு எழுந்த கேள்வியை இரண்டு வரியில் சொல்லுங்கள். தமிழும் சிங்களமும் பேசுவேன், தோட்டங்களுக்குப் போய் வேலை செய்வேன் என்பதை முதல் பந்தியிலேயே போடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எழுதலாம், தப்பில்லை. அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.