சப்பி நெல்லும் மாதத் தவணையும்: திருகோணமலை வாசகர்களின் காலநிலைக் கேள்விகள்

சிறுபோகத்தில் தண்ணீரும் பசளையும் குறையவில்லை. ஆனாலும் கதிரில் பாதி சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் நெல். மருந்தை மாற்ற வேண்டுமா? (தம்பலகாமம்)

மருந்துக்குக் காசு போடுமுன் வெளுத்த கதிர் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் தண்டு துளைப்பான் புழு. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்திருந்தால் எரிபந்தம் என்ற பூஞ்சண நோய். இரண்டும் இல்லாமல் கதிர் பச்சையாக நின்று மணி மட்டும் வெறுமையாக இருந்தால், வெயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெல் முற்பகலில் பூக்கும். அந்த நேரம் சூடு 35 பாகை செல்சியஸைத் தாண்டி ஒரு மணித்தியாலம் நின்றாலே மகரந்தம் கெட்டுவிடும், மணி பிடிக்காது. உழவு, விதை, பசளை எல்லாவற்றுக்கும் கொட்டி முடித்த பிறகு வரும் நட்டம் இது. அதனால்தான் இவ்வளவு கையைக் கடிக்கிறது.

பூக்கும் வாரத்தில் வயலை வற்ற விடாதீர்கள். தண்ணீர் நின்றால் பயிர் கொஞ்சம் குளிரும். விதைப்பு நாளை முன்னே பின்னே தள்ளலாம்தான், ஆனால் கந்தளாய்க் குளத்தை நம்பும் வயல் வட்டையில் ஒருவர் மட்டும் அதைச் செய்ய முடியாது. போகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் பேசுங்கள். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்ற சண்டையோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. பயிர் எந்த வாரம் பூக்கும் என்று யார் கேட்கிறார்கள்?

மீன் தூரப் போய்விட்டது. கடன் எடுத்துப் பெரிய எஞ்சின் வாங்கலாமா? (குச்சவெளி)

அவசரப்படாதீர்கள். பெரிய எஞ்சின் மண்ணெண்ணெயையும் கூடக் குடிக்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில் கிடக்கும், தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் உங்கள் கரைப்பக்கமாகத்தானே ஏறியது! எடுத்தே ஆகவேண்டுமென்றால், மீன் படும் மாதங்களில் கூடவும் வாடையில் குறைவாகவும் கட்டும்படி எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கேட்டால் எடுபடும்.

கடலோரத்தில் இருக்கிறோம், 2025இல் உப்புக்கு ஏன் தட்டுப்பாடு? (உப்புவெளி)

கடல் மட்டும் போதாதே, காய வெயிலும் வேண்டும். நாட்டின் உப்பளங்களில் உப்பு விளைய வேண்டிய மாதங்களில் பருவம் தப்பிய மழை பெய்து பாத்திகளைக் கரைத்தது. அப்புறம் இந்தியாவிலிருந்து இறக்குமதி.

கடலோரக் காணி உவரேறிவிட்டது. விற்றுவிடலாமா? (மூதூர்)

விற்கிற கதை பிறகு. ஏடி 354 என்ற மூன்றரை மாத நெல் உவரை ஓரளவு தாங்கும். பெரும்போகத்தின் முதல் மழையைத் தேக்கி வடியுங்கள், மறுபடி தேக்கி வடியுங்கள். உவர் கழுவுப்பட்ட பிறகே விதைப்பு. புழுதி விதைப்பு வேண்டாம். ஆனால் வாய்க்கால் வழியாகக் கடல் நீர் ஏறிக்கொண்டிருந்தால் எந்த இனத்தாலும் பயனில்லை. அணைக்கட்டும் கதவும் ஒருவர் தலையில் போடக்கூடிய செலவல்ல. கமக்காரர் அமைப்பின் பேரில் கமநல சேவை நிலையத்தில் மனுக் கொடுங்கள், மழைக்கு முன்பே.