கை ஓங்குவதற்கு முன்: வேலையிட வன்முறை, மன அழுத்தம் பற்றி நீங்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்குகின்றன: "இது பெரிய விஷயமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்." தயவுசெய்து அப்படித் தயங்காதீர்கள். வேலையிடத்தில் மோசமாக ஏதாவது நடந்தபிறகு விசாரிக்க உட்கார்ந்தால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் "சின்ன விஷயம்தானே" என்று விட்டுவிட்ட நாலைந்து சம்பவங்கள் அநேகமாக எப்போதும் கிடைக்கும்.

எங்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துவார். போன வாரம் ஃபைலை மேஜையில் ஓங்கி அடித்தார். யாரையும் தொட்டதில்லை. இதையெல்லாம் வன்முறை என்று சொல்லலாமா?

சொல்லலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றிய 190ஆம் எண் உடன்படிக்கை, வேலையிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் தருகிற விளக்கத்தில் அடி விழுந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. உடலுக்கோ மனதுக்கோ கேடு விளைவிக்கக்கூடிய நடத்தை, மிரட்டல், பாலியல் சீண்டல், பொருளாதார ரீதியாக நெருக்குவது எல்லாமே அதில் அடங்கும், ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் சரி. வேலைக்குப் போய்வரும் வழியில் நடப்பதும் ராத்திரி போனுக்கு வருகிற மெசேஜும்கூட அதன் வரம்புக்குள் வரும். உங்கள் நாடு அதை ஏற்றிருந்தால்தான் சட்டக் கட்டாயம் வரும், ஆனால் எது வன்முறை என்று பேசுவதற்கு ஓர் அளவுகோலாக எங்கேயும் பயன்படுத்தலாம்.

முதலில் எழுதி வையுங்கள். "அவர் ரொம்ப மோசம்" என்று எழுதினால் எதற்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், காலை 11.20. மீட்டிங் அறை. மாதக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக் காட்டி, 'உனக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான்' என்றார். ஃபைலை மேஜையில் அடித்தார், என் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது. அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அன்று மாலை வரை என்னால் அந்தக் கணக்கைத் திறக்க முடியவில்லை." அன்றைக்கே, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அலுவலகக் கம்ப்யூட்டரில் இல்லாமல் உங்கள் சொந்த நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பதிவுகள் சேர்ந்ததும் அவருக்கு மேலே இருப்பவரிடமோ, மனிதவளப் பிரிவிலோ, புகார்க் குழுவிலோ, சங்கத்திலோ எழுத்து மூலமாகக் கொடுங்கள். முடிந்தால் அந்த அறையில் இருந்த ஒருவரோடு சேர்ந்து கொடுங்கள், தனியாகக் கொடுக்கிற புகாரைத்தான் சுலபமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

சொன்னால் என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அதே அமைப்பு 2022இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், வேலை பார்ப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஒரு வகை வன்முறையை அனுபவித்திருந்தார்கள்; அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாததற்கு அதிகம் பேர் கொடுத்த காரணங்கள், நேர விரயம் என்பதும் பெயர் கெட்டுவிடும் என்பதும். நீங்கள் நினைப்பதைத்தான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நோயாளியின் உறவினர்கள் கையை ஓங்கிக்கொண்டு வருவது வாரம் ஒருமுறையாவது நடக்கிறது. "பொறுமையாகப் பேசுங்கள்" என்று மட்டும் பயிற்சி கொடுக்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

உங்கள் கோபம் நியாயமானது. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் ஒரு தடவையாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேரும் பேசத் தெரியாமலா அடிவாங்கினார்கள்?

நான் ஆலோசனைக்குப் போன ஒரு மருத்துவமனையில், ஏன் கத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக ஒரு சாயங்காலம் முழுக்க காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் மூன்று தடவை கவுன்ட்டருக்குப் போய் "என் மகனுக்கு என்ன ஆச்சு" என்று கேட்டார். மூன்று தடவையும் "டாக்டர் வருவார், உட்காருங்க" என்ற ஒரே பதில்தான். நான்காவது தடவை அவர் கண்ணாடியைத் தட்டினார். எட்டிப் பார்த்த செவிலியருக்குத் தெரிந்தது அந்தத் தட்டல் மட்டும்தான், முன்னால் கழிந்த இரண்டரை மணி நேரம் தெரியாது. அப்புறம் அங்கே செய்த முதல் மாற்றம், அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் வெளியே வந்து ஒவ்வொரு குடும்பத்திடமும் "இன்னும் ரிசல்ட் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன்" என்று சொல்வது. புதிய செய்தி இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். கத்தல் கண்கூடாகக் குறைந்தது.

ஆகவே நிர்வாகத்திடம் பொறுமைப் பயிற்சிக்கு மேலே சிலவற்றைக் கேளுங்கள். இரவு ஷிஃப்டில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. கவுன்ட்டருக்குப் பின்னால் வெளியேற இன்னொரு வழி வேண்டும். மேஜைக்கு அடியில் அபாய மணி இருந்தால் மட்டும் போதாது, அது அடித்தால் யார் எத்தனை நிமிடத்தில் வருவார் என்பதை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு மிரட்டலும் பதிவேட்டில் ஏற வேண்டும். எந்த நேரம், எந்த வாசல், என்ன காரணம் என்று ஒரு மாதம் எழுதினால் எங்கே ஆள் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒருவர் கொதித்துப்போய் எதிரே நிற்கும்போது: இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கைகள் வெளியே தெரியட்டும். கதவு அவருக்குப் பின்னால் இல்லாமல் உங்களுக்கு எட்டுகிற பக்கம் இருக்கட்டும். குரலைத் தாழ்த்துங்கள். "அமைதியா இருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது யாரையும் அமைதியாக்கிப் பார்த்ததில்லை. "ரொம்ப நேரமா காத்திருக்கீங்க, பயமா இருக்கும்" என்று அவர் நிலையைச் சொல்லுங்கள், பிறகு உங்களால் உண்மையிலேயே செய்ய முடிந்த ஒன்றைச் சொல்லுங்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். முஷ்டி இறுகுவது, முன்னும் பின்னும் நடப்பது, கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாகி உங்களையே வெறிப்பது, இதில் எதைப் பார்த்தாலும் பேச்சை விட்டுவிட்டு விலகுங்கள். உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும்போது அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை, அதற்காகப் பழிவாங்கப்படாமல் இருக்கும் உரிமை, இரண்டும் மேலே சொன்ன உடன்படிக்கையிலேயே இருக்கின்றன.

கூட வேலை செய்யும் பெண்ணின் கணவர் அலுவலக வாசலில் வந்து நிற்கிறார், நாள் முழுக்க போன் செய்கிறார். குடும்ப விஷயம் என்று எல்லோரும் ஒதுங்கிப் போகிறோம். சரியா?

சரியில்லை. வாசலில் வந்து நிற்கும்போதே அது வேலையிட விஷயமாகிவிட்டது. முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாக, "நான் என்ன செய்தால் உனக்கு உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள், அவர் சம்மதத்தோடுதான் எதையும் செய்ய வேண்டும். காவலரிடம் அந்த ஆளின் புகைப்படம், ஷிஃப்ட் நேரத்தை மாற்றுவது, வாசலிலிருந்து தெரியாத இருக்கை, அழைப்பை வேறொருவர் எடுப்பது, வண்டி வரை யாராவது கூடப் போவது, இவ்வளவும் நிர்வாகம் ஒரே நாளில் செய்யக்கூடியவை. கணவரிடம் போய் நியாயம் பேசாதீர்கள். அந்தப் பெண் பிரிந்துபோக முடிவெடுக்கும் சமயம்தான் ஆபத்து கூடுகிற சமயம், அதனால் உங்கள் வீரம் அவருக்குத்தான் வினையாக முடியும்.

தினமும் 11 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். தூக்கம் இல்லை, சில நாள் நெஞ்சை அடைக்கிறது. அலுவலகத்தில் தியான வகுப்பு வைத்திருக்கிறார்கள். போகட்டுமா?

முதலில் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு அடைப்பதை மன அழுத்தம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நீங்கள் வாரத்துக்கு 66 மணி நேரம் வேலை செய்கிறீர்கள். 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிட பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதயத்துக்கு ரத்தம் போவது தடைப்பட்டு இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் சொல்லியிருக்கின்றன. தியானம் நல்லதுதான், மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விட்டால் அந்த நிமிடத்துப் படபடப்பு அடங்கும். ஆனால் 66 மணி நேரம் 66 மணி நேரமாகவேதான் இருக்கும்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே காட்டிய விஷயம் இது: வேலைப்பளு அதிகம், அதை எப்போது எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவு, இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆள் உருகிப் போகிறான். ஆகவே இந்த வாரம் உங்கள் கையில் இருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று போட்டு, மேலதிகாரியிடம் "இதில் எதைத் தள்ளிவைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "முடியவில்லை" என்று சொன்னால் உங்கள் திறமையைப் பற்றிப் பேச்சு திரும்பும். தாளைக் காட்டினால் வேலையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

என் கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது. நேற்று டீம் லீடரை அடித்துவிடுவேனோ என்ற நிலைக்குப் போய்விட்டேன்.

இதை எழுதியதற்கு நன்றி, தம்பி. கோபம் உச்சிக்கு ஏறும் முன் உடம்பு ஏதாவது காட்டும். காது சூடாகலாம், தாடை இறுகலாம். உங்களுக்கு எது என்று கண்டுபிடியுங்கள், அது வந்ததும் "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று எழுந்து போய்விடுங்கள். தூக்கம் குறைந்திருக்கிறதா, குடி கூடியிருக்கிறதா என்றும் நேர்மையாகப் பாருங்கள். இந்த வாரமே ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். எப்போது, எப்படி என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால் வாரக்கணக்கெல்லாம் கூடாது, அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

என்னைத் தாக்கிய மறுநாள், எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் பலவீனமா?

இல்லவே இல்லை. அதிர்ச்சி நடந்த உடனே இப்படிக் கட்டாயமாகப் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அந்தச் சமயத்தில் வேண்டியது பாதுகாப்பான இடம், தண்ணீர், வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள், பேச விரும்பினால் கேட்க ஒருவர். கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தைத் தவிர்ப்பது எல்லாம் பலருக்கும் சில வாரங்கள் இருந்துவிட்டுக் குறையும், ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் நிபுணரிடம் போக வேண்டும்.

திரும்பி வேலைக்குப் போகும் முன் ஒன்று கேளுங்கள்: நான் தாக்கப்பட்ட இடத்தில் என்ன மாற்றியிருக்கிறீர்கள்? உடைந்த பூட்டு அப்படியே இருந்தால், அதே நேரத்தில் அதே மாதிரி தனியாக நிற்க வேண்டியிருந்தால், வேறு ஷிஃப்ட் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.