பந்தை விடாத ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 ஊரடங்கில் கால்பந்து நின்றுபோனபோது ஐரோப்பாவில் பெலாரஸ் லீக் மட்டும் நடந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்தேன். அப்போதுதான் ‘மெஸ்ஸியும் ரொனால்டோவும் எங்கள் நாட்டுக்கு வந்து ஆடலாமே’ என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதைப் படித்தேன். அவர் அலெக்சாண்டர் ஹ்லெப். லண்டன் அணியான ஆர்சனலில் அவர் ஆடிய பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்து அசந்துபோனேன். இப்படி ஆடியவர் 27 வயதில் பார்சிலோனா போய் பெஞ்சில் உட்கார்ந்தார், அதோடு சரி. பணத்தாசையா, தலைக்கனமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் பெயர். ரஷ்யர்கள் ‘க்லெப்’ என்பார்கள், பெலாரஷிய மொழியில் ‘ஹ்லெப்’. நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளில் வர்ணனையாளர்கள் பாடாய்ப்படுத்திய பெயர் அது.

பார்சிலோனாவில் மங்கிப்போனார் என்பது உண்மைதான். ஆர்சனலை விட்டிருக்கவே கூடாது என்று அவரே பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் பணமும் தலைக்கனமும் மட்டுமே காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவரிடம் இருந்த வித்தை அங்கே செல்லவில்லை. எந்த வித்தை என்று பார்த்தால் மீதி தானாகப் புரியும்.

ஹ்லெப் பந்து வாங்கும் விதத்தைக் கவனியுங்கள். முதுகுக்குப் பின்னால் தடுப்பாட்டக்காரர் மூச்சுவிடும் தூரத்தில் நிற்பார். வேறு யாராக இருந்தாலும் ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தப்பிப்பார்கள். இவர் இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார். அந்த ஆள் அதை நம்பிக் கால் வைப்பார். பந்து மறுபக்கம் போயிருக்கும், இவரும் போயிருப்பார். இரண்டாவது ஆள் வருவார், அவருக்கும் அதே கதி. இப்படி இரண்டு மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, காலியான இடத்தில் நிற்கும் சக ஆட்டக்காரர் ஃபாப்ரிகாஸுக்கோ ரொசிட்ஸ்கிக்கோ ஒரு சின்ன பாஸ். சிறுவயதில் நீச்சலும் ஜிம்னாஸ்டிக்ஸும் பழகியவர். அந்த உடல் சமநிலை அங்கிருந்து வந்தது என்பது என் ஊகம்.

கோல் அடிப்பது மட்டும் வேப்பங்காய். கோல்போஸ்ட் எதிரே நின்றாலும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார். ஆர்சனலில் 89 லீக் ஆட்டங்கள், 7 கோல்கள். ‘அடிடா!’ என்று டிவி முன்னால் உட்கார்ந்து நானே கத்தியிருக்கிறேன்.

மின்ஸ்கில் 1981இல் பிறந்தவர். அப்பா பெட்ரோல் டேங்கர் ஓட்டுநர். 1999இல் பாட்டே பரீசவ் முதன்முறையாக பெலாரஸ் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தார். டிராக்டர், மோட்டார் வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையின் பெயரைச் சுருக்கித்தான் ‘பாட்டே’. அடுத்த வருடம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணி. ஃபெலிக்ஸ் மகாத்தின் பயிற்சியில் அந்த இளம் அணி 2003இல் ஜெர்மன் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2–1 என்று சாய்த்தது. 2005இல் ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் அவரைத் தன் அணிக்கு அழைத்தார்.

வெங்கர் அவரைக் கட்டிப்போடவில்லை, அவர்பாட்டுக்குப் பந்தோடு சுற்ற விட்டார். 2008இல் கார்டியோலா பயிற்சியாளராக இருந்த பார்சிலோனாவுக்குப் போனார், விலை சுமார் ஒன்றரைக் கோடி யூரோ. அங்கே நடுக்களத்தில் ஷாவியும் இனியெஸ்தாவும் இருந்தார்கள். பந்து ஒரு தொடுதல், இரண்டு தொடுதலில் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். நான்காவது தொடுதல் வரை வைத்திருப்பவர் அங்கே தாளம் தப்புகிறவர். லண்டனில் கைதட்டல் வாங்கிக் கொடுத்த அதே பழக்கம் பார்சிலோனாவில் குற்றமானது. லீக்கில் 19 ஆட்டங்கள், ஒரு கோலும் இல்லை. அந்த வருடம் அணி மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றது, ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இவர் ஆடவில்லை. உழைப்பில் குறை இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. இருந்தாலும் இன்னும் கடுமையாக உழைத்திருந்தால் அவர் ஷாவி ஆகியிருப்பாரா? மாட்டார்.

அப்புறம் ஊர் ஊராகச் சுற்றல். மறுபடி ஸ்டுட்கார்ட், பர்மிங்காம், வொல்ஃப்ஸ்பர்க், ரஷ்யா, துருக்கி. இதைச் சரிவு என்று எழுதுகிறவர்கள், நடுவில் அவர் திரும்பத் திரும்ப பாட்டேவுக்கே வந்ததை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 2012 அக்டோபர் 2, மின்ஸ்க். சாம்பியன்ஸ் லீக்கில் பாட்டே 3, ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் 1. ஹ்லெப் அந்த அணியில் இருந்தார். அந்தப் பருவத்தின் கடைசியில் ஐரோப்பிய சாம்பியன் ஆனது அதே பயர்ன்தான். கோப்பையை நோக்கிப் போன வழியில் அது தோற்றது இரண்டே ஆட்டங்களில். ஒன்று பாட்டேயிடம், இன்னொன்று ஆர்சனலிடம். இரண்டுமே ஹ்லெப்பின் அணிகள் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

பெலாரஸின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஆறு முறை வாங்கியவரை ‘அதோடு சரி’ என்று முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் பார்த்தவை தொகுப்பு வீடியோக்கள். 2006 மே 17, பாரிஸில் பார்சிலோனாவுக்கு எதிராக நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முழுசாகக் கிடைத்தால் பாருங்கள். 18வது நிமிடத்திலேயே ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் சிவப்பு அட்டை வாங்கிவிடுவார், மீதி நேரம் பத்துப் பேர். கோல் எப்போது விழும் என்று காத்திருக்காதீர்கள். தோற்பார்கள், 2–1. ஹ்லெப்பை மட்டும் பாருங்கள், 85வது நிமிடத்தில் அவரை வெளியே எடுக்கும் வரை.