ஆதித்த கரிகாலன் கொலை: கல்லில் இருப்பதும் இல்லாததும்

ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜன் வழங்கிய தீர்ப்பு என்கிறார்களே, கொலையாளிகளுக்கு என்ன தண்டனை என்று அதில் இருக்கிறதா?
– கும்பகோணம் வாசகர்

தீர்ப்பு என்று நினைத்துப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம். அது ஓர் அரச ஆணையும், அதையொட்டி நடந்த நில விற்பனையும், அந்த நிலத்தைக் கொண்டு வைத்த அறக்கட்டளையும் சேர்ந்த ஆவணம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. 1920-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிக்கையில் அதன் எண் 577.

கோராஜகேசரிவர்மரின் 2-ஆம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்குச் சக்கரவர்த்தி ஸ்ரீமுகம், அதாவது அரச ஆணை ஓலை, அனுப்புகிறார். 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளான' என்று தொடங்கி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் என்று பெயர்களை அடுக்குகிறது. அதன் பிறகு உறவு முறைகள்: தம்பிமார், மக்கள், பெரியப்பன்மார், மாமனார்கள், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள். ஒரு குடும்பத்தின் கிளைகளை இப்படித் தேடித்தேடி எழுதியிருப்பதைப் பார்த்தால் சொத்து ஒளிய ஓர் இடுக்கு கூட விடக்கூடாது என்ற கவனம் தெரிகிறது.

இவர்கள் அனைவரின் உடைமையையும் கொட்டையூர் பிரம்ம ஸ்ரீராஜன், புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டன் ஆகிய இருவரின் கண்காணிப்பில் சபை விற்க வேண்டும். ஆணை அவ்வளவுதான். அதன்படி மலையனூரான் ரேவதாச கிரமவித்தன், அவன் மகன், அவன் தாய் பெரியநங்கைச்சாணி ஆகியோருக்கு உரிய நிலமும் மனைகளும் 112 கழஞ்சு (பழைய எடை அளவு) பொன்னுக்கு விலைபோயின. வாங்கியவர் அதைக் கோயிலில் அன்னமிடும் அறத்துக்கு எழுதி வைத்தார். அந்த அறம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கல்லில் வெட்டினார்கள். கொலையைப் பற்றிய வரி, நிலம் விற்பனைக்கு வந்த காரணத்தைச் சொல்வதற்காக உள்ளே வருகிறது.

மரண தண்டனை, நாடு கடத்தல் இரண்டும் கல்லில் இல்லை. 'பிராமணர்கள் என்பதால் தலை தப்பினார்கள்' என்று மேடையில் சொல்வது பேசுபவரின் ஊகம்.

ராஜகேசரி என்று மட்டும் இருக்க, அது ராஜராஜன்தான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– சேலம் வாசகர்

சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். ஆதித்தன், ராஜராஜன் இருவருக்கும் தந்தையான சுந்தர சோழன் ராஜகேசரி. ஆதித்தன் பரகேசரி. அவன் தந்தை இருக்கும்போதே தன் ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டு வெளியிட்டவன். அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழனும் பரகேசரி. ஆதித்தன் இறந்த பிறகு புதிதாக ஆட்சியேறி 2-ஆம் ஆண்டு போடக்கூடிய ராஜகேசரி ராஜராஜன் ஒருவன்தான். அவன் பட்டமேறியது 985-இன் நடுப்பகுதி. ஆகவே கல்வெட்டு 986-87-ஐச் சேர்ந்தது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னன் புகழ்ப் பாட்டை, தேடுவது. 'திருமகள் போல' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி ராஜராஜனின் முதல் சில ஆண்டுக் கல்வெட்டுகளில் கிடையாது. அது இல்லை என்பதை வைத்து வேறு மன்னன் என்று வாதாடக் கூடாது.

கொலை நடந்து 15 ஆண்டுக்கும் மேல் நடவடிக்கை இல்லை. உத்தம சோழன்தான் காரணம் என்பதற்கு இதுவே போதாதா?
– மதுரை வாசகர்

சந்தேகப்படப் போதும். முடிவு கட்டப் போதாது.

உத்தமனுக்கு எதிராகச் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, நீங்கள் சொல்லும் தாமதம். இன்னொன்று, ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான், குடிமக்கள் அருண்மொழியை (ராஜராஜனை) அரசேற வேண்டினர், தன் சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் விருப்பம் உள்ளவரை தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்தான் என்கிறது அது. அந்தச் சிற்றப்பன் உத்தமன். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமனைச் சந்தேகித்தது இவற்றை வைத்துத்தான். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

இப்போது மறுபக்கம். செப்பேட்டில் கொலை என்ற சொல்லே இல்லை. சம்பவம் நடந்து ஏறத்தாழ 50 ஆண்டு கழித்து, ராஜராஜனின் பெருந்தன்மையைப் பாட எழுதிய வடமொழிச் செய்யுள் அது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடம் கோயில்களை மேற்பார்வையிடும் உயர் அதிகாரியாக இருந்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி கடைசிவரை மதிப்போடு வாழ்ந்தார். துரோகிகளின் மருமகன்கள் வரை சொத்தை வாரிய அரசன், கொலையை ஏவியவனின் மகனைப் பக்கத்தில் வைத்திருப்பானா? எனக்கு இந்தக் கேள்வி, தாமதத்தைவிடக் கனமாகத் தெரிகிறது. அரசியலில் அப்படியும் நடக்கும் என்பதால் இதையும் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

தாமதம் என்பதையே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்லில் உள்ள ஆண்டு, இந்த ஒரு சபைக்கு ஸ்ரீமுகம் வந்த ஆண்டு. விசாரணை எப்போது நடந்தது, பதவி எப்போது பறிபோனது என்பதற்கு அது ஆண்டுக் கணக்கு தராது.

'பஞ்சவன்' என்றால் பாண்டியன். அப்படியானால் இது வீரபாண்டியன் தலைக்குப் பழிவாங்கியது தானே?
– தூத்துக்குடி வாசகர்

பழிவாங்கக் காரணம் இருந்தது உண்மை. வீரபாண்டியனின் தலையை வெட்டித் தன் தலைநகரில் நாட்டினான் ஆதித்தன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது. பட்டத்தை மட்டும் சாட்சியாக்கினால் சிக்கல். பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசன் தரும் பட்டம். முன்னொட்டாகப் 'பஞ்சவன்' பாண்டியன் கொடுத்ததாகவும் இருக்கலாம், பாண்டியனை வென்ற சோழன் கொடுத்ததாகவும் இருக்கலாம். ராஜராஜனின் தேவியே பஞ்சவன் மாதேவிதான். ரவிதாசனின் உடன்பிறந்தவன் தாங்குவதோ 'இருமுடிசோழ' என்ற சோழப் பட்டம். சோழ நிர்வாகத்தின் உள்ளிருந்த குடும்பம் இது என்பதுவரை துணிந்து சொல்லலாம்.

கடம்பூர் மாளிகையில்தான் கொலை நடந்ததா?
– கோவை வாசகர்

அதற்குச் சான்று இல்லை, அது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் தந்த இடம். கல்வெட்டில் இடமும் நாளும் ஆயுதமும் இல்லை.

கோயிலுக்குப் போனால் கல்வெட்டை நாமே படிக்க முடியுமா?
– கடலூர் வாசகர்

முடியும், பயிற்சி வேண்டும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு இருக்காது. 'ர'வும் கால் குறியும் ஒன்று போலவே நிற்கும். 'ப்ரஹ்ம', 'த்ரோஹி' போன்ற இடங்களில், வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து வரும். முதலில் அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'கோராஜகேசரி' என்ற தொடக்கத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு வரி வரியாக நகருங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். பள்ளத்தில் தங்கிப்போனால் அடுத்து மைப்படி எடுப்பவருக்கு எழுத்து தெரியாமல் போகும். மைப்படி என்பது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவது. தாள் இறங்காத எழுத்து கறுப்பாகவே போய்விடும். உங்களுக்கு ஒரு கைவிளக்கு போதும். நேராக அடிக்காமல், சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் மாற்றித் தனித்தனியே படமெடுங்கள்.

'சோமன்' என்ற பெயரை அடுத்துச் சில எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. அந்த இடத்தில் மட்டும் நேரம் எடுத்துக்கொண்டு, அதிகமாகவே படமெடுத்து வாருங்கள்.