பாதி என்று யார் சொன்னது?

கேள்வி: இயேசு பாதி கடவுள், பாதி மனிதர் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, இது எந்தக் கணக்கில் சேர்த்தி? (ஒரு வாசகர், வள்ளியூர்)

பதில்: பாதி என்று யார் உங்களிடம் சொன்னது? நம் பக்கம் அந்தச் சொல்லை நம்பி எதிலும் இறங்கக் கூடாது. ‘பாதி வேலை முடிஞ்சிட்டு’ என்று கொத்தனார் சொன்னால் இன்னும் வானமே தோண்டவில்லை, ‘பாதி தூரம் வந்துட்டேன்’ என்று போனில் சொல்கிறவர் இன்னும் குளிக்கவில்லை, கல்யாண வீட்டில் ‘பாதி வயிறுதான் சாப்பிட்டேன்’ என்கிறவர் பாயசத்துக்கு மூன்றாம் தடவை இலையை இழுத்துப் போட்டிருப்பார்.

சபை பாதி என்று சொல்லவே இல்லை. சொல்லப் பார்த்தவரை வெளியே தள்ளியது. 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரியுஸ், இயேசுவுக்கு உடல் மனித உடல்தான், ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் தெய்வ வார்த்தை, அதாவது கடவுளே, இருந்தது என்றார். 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆயர்கள் கூடின சங்கம் அதைக் கண்டித்தது. அவருக்கு அதே காலத்து ஆயர் நசியான்சுஸ் கிரகோரியார் சொன்ன பதில்தான் இந்த மொத்தச் சண்டையிலும் எனக்குப் பிடித்தது: எதை இயேசு தம்மோடு ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. கெட்டுப்போனதே மனுஷ மனம்தானே, அதை விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்துக்கொள்ள இவ்வளவு தூரம் இறங்கி வருவானேன்?

அப்புறம் 451இல் கல்சேதோன் சங்கம். ஒரே ஆள், இரண்டு தன்மை, இரண்டும் முழுசு. கலக்காமல், மாறாமல், பிரியாமல், விலகாமல். எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது, எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று நாலு பக்கமும் வேலி போட்டதோடு சரி. கெட்டிக்காரர்கள்.

நம் கன்வென்ஷன் பிரசங்கிமாருக்கு இந்தப் பொறுமை இல்லை. எதற்கெடுத்தாலும் ஓர் உவமை வேண்டும், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியில். நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் மாதிரி, பாலம் ஒன்று, தட்டு இரண்டு என்று ஒருவர் ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மேலே போகிற பஸ்ஸும் கீழே போகிற பைக்கும் என்றைக்காவது சந்தித்தது உண்டா? 431இல் எபேசு சங்கம் கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் மேல் சாட்டிய குற்றமே அதுதான், ஒருவரை இரண்டு ஆளாக்கிவிட்டார் என்று. மாற்கு 4இல் படகில் தலையணை வைத்துத் தூங்கினவரும் எழுந்து காற்றை அதட்டினவரும் ஒரே ஆள். தூங்கினது கீழ்த்தட்டு, அதட்டினது மேல்தட்டு என்று பிரித்தால் கதையே போச்சு.

(பாலம் என்றதும் மதுரை வாசகர் பேனாவைத் திறப்பார். ஐயா, எங்கள் சுலோசன முதலியார் பாலம் 1843. உங்கள் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1880களில் வந்தது. மறுப்புக் கடிதம் இனி பிரசுரமாகாது.)

கல்சேதோனை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். எகிப்திலும் சிரியாவிலும் பெரும்பகுதி ஒத்துக்கொள்ளவில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கிப் பாருங்கள், அந்த ஒத்துக்கொள்ளாத சிரியன் பாரம்பரியத்தின் கோயில்கள் புனலூர், கொட்டாரக்கரைப் பக்கமெல்லாம் இருக்கின்றன. திருச்சூரில் இருப்பது நெஸ்தோரியுஸைப் புனிதராக மதிக்கிற கல்தாய சபை. அவர்களுடைய தலைமைப் பிதா நான்காம் மார் தின்காவும் போப் இரண்டாம் ஜான் பாலும் 1994இல் உட்கார்ந்து, நம் இரண்டு பேர் விசுவாசமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போட்டார்கள். எபேசு முடிந்து 1563 வருஷம் கழித்து! நம் ஊர் வாய்க்கால் தகராறுகூட அதற்குள் தீர்ப்புக்கு வந்துவிடும்.