நாலு நாள் ஆடவில்லை, உடனே ஆஃபர் வருகிறதே?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டுத் தேர்வு என்று ஃபோனில் ஆடும் சண்டை கேமை நாலு நாளாகத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து, ‘499 ரூபாய் டைமண்ட் பேக் உனக்கு மட்டும் 89 ரூபாய், 24 மணி நேரம்தான்’ என்று நோட்டிஃபிகேஷன் வந்தது (டைமண்ட் என்றால் கேமுக்குள் செலவழிக்கும் காசு). “இவ்ளோ கம்மியா வந்ததே இல்லம்மா” என்று கெஞ்சுகிறான். அவன் விடப்போகிறான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாதச் சந்தா கட்டும் சேவை என்றால், ஆள் ரத்து செய்த அன்றே போய்விட்டார் என்று தெரிந்துவிடும். இலவச கேமில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருநாள் திறக்காமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் கம்பெனிகள் முன்கூட்டியே கணிக்கப் பார்க்கின்றன. எத்தனை மணிக்கு வருகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான், வராத நாட்கள் கூடிக்கொண்டே போகிறதா, கூட ஆடும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்களா, கடைசியாக எப்போது பணம் கட்டி டாப்-அப் செய்தான் என்பதெல்லாம் சர்வரில் பதிவாகிறது. ஏற்கெனவே விட்டுப்போனவர்களின் பதிவோடு இதை ஒப்பிட்டால், இவன் போக எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண் கிடைக்கும்.

2017-ல் தென்கொரியாவின் என்சிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி, தன் ‘பிளேட் அண்ட் சோல்’ கேமின் பதிவுகளை வைத்து ஆய்வாளர்களுக்குப் போட்டியே நடத்தியது. சுமார் 10,000 பேரின் ஆட்டம், 100 ஜிபி தரவு. யார் விடுவார் என்று சொல்வது ஒரு பிரிவு, எத்தனை நாள் தாங்குவார் என்று சொல்வது இன்னொரு பிரிவு. சோதனைக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி, அந்த கேம் சந்தாவிலிருந்து இலவசத்துக்கு மாறிய பிறகு எடுத்தது. விற்கும் முறை மாறினால் ஆடுகிறவர்களின் போக்கும் மாறுமே, அப்போதும் கணிப்பு பலிக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஆக, இது மனதைப் படிக்கும் வித்தை இல்லை. உங்கள் மகனுக்கு அலுத்துவிட்டதா, பரீட்சையா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆள் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். நாலு நாள் வராத எல்லோருக்கும் தானாகவே போகிற ஆஃபராகக்கூட இருக்கலாம். எப்படி அனுப்பியிருந்தாலும் நோக்கம் ஒன்றுதான்: 89 ரூபாய் கொடுத்தவன், வாங்கியதைச் செலவழிக்கவாவது மறுபடி உள்ளே வருவான். டைமண்டுக்கு அடக்கவிலை என்று ஒன்றும் இல்லை. 499 என்று எழுதி அடித்ததை வைத்து லாபக் கணக்குப் போடாதீர்கள். படிக்க வேண்டும் என்று பையன் தானாக எடுத்த நல்ல முடிவை இந்த ஆஃபர் கலைக்கிறது, எனக்கு அதுதான் கோபம்.

முதலில் ஃபோன் செட்டிங்ஸில் அந்த கேமின் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். 24 மணி நேரம் முடிந்தும் அதே ஆஃபர் புதுக் கடிகாரத்தோடு வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொய் அவசரம் காட்டி விற்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் செய்து புகார் சொல்லலாம்.

கேம் கணக்கில் அவன் பிறந்த வருடம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அது அமலுக்கு வரும்போது கணக்கில் வயது 25 என்று இருந்தால் அந்தப் பாதுகாப்பை எப்படிக் கேட்பது?

கேள்வி: அக்கா மகள் என் ஃபோனில் கேமுக்கு மாதச் சந்தா எடுத்துவிட்டாள். கேமை அழித்துவிட்டேன். போதுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. கேமை அழித்தாலும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும். கூகுள் பிளேயில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டு கூகுளிடமே விண்ணப்பிக்கலாம். தாண்டிவிட்டால் கேம் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.