எஸ்.டி.யில் (பழைய டிவி தரத்தில்) எடிட் செய்து முடித்த வீடியோவை எச்.டி.க்கு (உயர் தரத்துக்கு) மாற்ற, எடிட்டிங் மென்பொருளில் சீக்வென்ஸ் அமைப்பை, அதாவது டைம்லைனின் பட அளவை, மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. உங்களிடம் பழைய புராஜெக்ட் கோப்பு இருக்கிறது, 720×576 என்பதை 1920×1080 என்று மாற்றியும் பார்த்துவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். சில ஷாட்கள் சிறு பெட்டியாகச் சுருங்கியிருக்கும், டைட்டில்கள் மேல் இடது மூலைக்குப் போயிருக்கும். இடத்தைப் பிக்சல் கணக்கில் வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்குப் பழைய சட்டத்தின் மையம் 360, 288. புதிய சட்டத்தில் அதே எண் மூலையைத்தான் காட்டும். எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கினால் திரை நிறையும், உண்மைதான். ஆனால் 4,14,720 பிக்சல்களைக் கொண்டு 20,73,600 பிக்சல்களை நிரப்புகிறீர்கள். ஐந்தில் நான்கு பங்கு மென்பொருளின் கற்பனை.

எடிட் எதில் நடந்தது என்பதைவிட, படம் எதில் பதிவானது என்பதுதான் முக்கியம். 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை 35 மி.மீ. பிலிமில் எடுத்து, சாதாரண வீடியோ டேப்பில் எடிட் செய்திருந்தார்கள். 2012 முதல் அதை ப்ளூ-ரேயில் வெளியிட்டபோது டேப்பைப் பெரிதாக்கவில்லை. மூல நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, பழைய எடிட்டைப் பார்த்துப் பார்த்து மறுபடி கோத்தார்கள். நம் வேலையும் சிறிய அளவில் அதுவேதான்.

ஒரு அமைப்புக்காக நான் எடிட் செய்த ஆவணப்படம் ஒன்றை, பல ஆண்டுகள் கழித்து "எச்.டி. ஆக்கிக் கொடுங்கள், மாற்றுவதுதானே" என்று கேட்டார்கள். அந்தத் 'தானே' இன்னும் காதில் கிடக்கிறது. நல்லவேளையாக அதை எடுத்தது எச்.டி.வி. கேமராவில். அந்த வடிவம் சாதாரண மினிடிவி கேசட்டிலேயே 1440×1080 அளவில் பதிவாகும், காட்டும்போது அகலத் திரைக்கு விரியும். அன்றைய கணினிகளுக்கு அது சுமை, அவர்கள் அப்போது கேட்டிருந்ததும் டிவிடி மட்டும்தான். அதனால் கேமராவே எஸ்.டி.யாகக் குறைத்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்தி கேப்சர் செய்திருந்தோம், அதாவது கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியிருந்தோம். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆக, எடிட் எஸ்.டி., கேசட்டுக்குள் எச்.டி. உங்களுடையதும் அப்படி இருக்கலாம். கேசட் உறையை நம்பாமல், எச்.டி.வி. ஓடும் கேமராவில் போட்டுப் பாருங்கள்.

டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) பொருந்துவதால் மறு கேப்சர் சுலபம் என்று எழுதி வைத்திருப்பார்கள். பாதிதான் உண்மை. 50ஐ எச்.டி.வி.யில் (வினாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரு பாதியாக) பன்னிரண்டு ஃபிரேம்கள் ஒரு கட்டாகச் சுருக்கப்பட்டிருக்கும். கேப்சர் சில சமயம் ஓரிரு ஃபிரேம் முன்பின்னாக விழும். டேப்பில் ஒரு கீறல் இருந்தால் கட்டு முழுவதும் போய்விடும், ஏறக்குறைய அரை வினாடி படம் உறைந்து நிற்கும்.

நான் செய்தது இதுதான். பழைய இறுதிப் பிரதியை மேல் டிராக்கில் வைத்து, இரண்டு படங்களின் வித்தியாசத்தை மட்டும் காட்டும் 'டிஃபரன்ஸ்' முறையில் போட்டேன். கீழே உள்ள எச்.டி. ஷாட் சரியாகப் பொருந்தினால் திரை கிட்டத்தட்டக் கறுப்பாகும். ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் நகரும் கை, இமை, உதடு மட்டும் சாம்பல் கோடாக ஒளிரும். அந்தக் கோடு மறையும்வரை ஒவ்வொரு வெட்டையும் நகர்த்தினேன். உறைந்த அரை வினாடிகளுக்குப் பழைய எஸ்.டி. படத்தையே பெரிதாக்கி ஒட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒலியைத் தொடவே இல்லை. எச்.டி.வி. ஒலியைச் சுருக்கிப் பதிக்கும், தவிர பழைய மிக்ஸ் நன்றாகவே இருந்தது.

எதிர்பாராத தொல்லை ஓரங்களில் வந்தது. டிவிடிக்காக 4:3 சட்டத்துக்கு இரு பக்கமும் வெட்டியிருந்தோம். அகலத் திரைக்கு விரித்ததும் வெட்டுண்டதெல்லாம் உயிர்பெற்று வந்தது: விளக்குத் தாங்கி, சுவரில் சாய்த்த டிரைபாட் பை, ஓர் உருக்கமான பேட்டியின் வலது ஓரத்தில் கைக்கடிகாரம் பார்க்கும் ஒருவர். ஷாட் ஷாட்டாகப் பெரிதாக்கி நகர்த்த வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்று கீழே யாராவது எழுதுவார்கள். அதையும் ஓட்டிப் பார்த்தேன், ஐயா. நெருக்கக் காட்சியில் பரவாயில்லை. கூட்டக் காட்சியில் தூரத்து முகங்களுக்கு வேறு யாருடைய கண்களோ வந்தன. பின்னால் இருந்த பெயர்ப்பலகை எந்த மொழியும் அல்லாத எழுத்தாகிவிட்டது. ஆவணப்படத்தில் அது பொய் சாட்சி. வேறு வகைப் படத்துக்கு உதவுமானால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், உங்களோடு சண்டைக்கு வரவில்லை.

டைட்டில்களைப் பெரிதாக்காதீர்கள், புதிதாக அடியுங்கள். நான் இறுதிப் பெயர்ப்பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்து, வரிக்கு வரி பழையதோடு ஒப்பிட்டு வைத்தேன். அந்த அமைப்பு என்ன செய்தது தெரியுமா? நீளம் கருதி அந்தப் பட்டியலை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றியது. தலைவரின் வாழ்த்துரை மட்டும் முழு நீளத்தில் இருக்கிறது. கேமராவைத் தோளில் சுமந்தவர் பெயர் இல்லை, ஒலிப்பதிவாளர் பெயர் இல்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

கேசட்டில் இருப்பதே எஸ்.டி. என்றால் வீண்பாடு படாதீர்கள். பெரிதாக்கும் முன் இன்டர்லேஸை (ஒரு ஃபிரேமின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு ஃபீல்டுகளில் பதியும் முறை) நீக்குங்கள், இல்லாவிட்டால் அசைவுகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் நிலைத்துவிடும். ஏவிசிந்த் என்ற மென்பொருளில் ஓடும் க்யூடிஜிஎம்சி ஸ்கிரிப்ட் அதை நன்றாகச் செய்கிறது. வினாடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள், 25 ஆக்கினால் அசைவின் வழவழப்பு பாதி போய்விடும். மினிடிவி கேசட்டின் எஸ்.டி. (DV) பதிவில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும் என்பதைக் கவனியுங்கள். நிறத்தை எஸ்.டி.யின் நிற முறையான ரெக் 601இலிருந்து எச்.டி.யின் ரெக் 709க்கு முறையாக மாற்றுங்கள், இல்லையென்றால் தோல் நிறம் பிசகும். 4:3 படத்தை 1440×1080 அளவில் நடுவில் வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள். திரையை நிரப்பச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் முகங்களை அகலமாக்காதீர்கள். மூலக் கேசட்டுகள் இருந்தால், புராஜெக்ட் கோப்பைத் திறப்பதற்கு முன்பே அவற்றைக் கேப்சர் செய்துவிடுங்கள், ஓடும் நிலையில் உள்ள கேமரா கிடைப்பதே அரிதாகிவிட்டது.